பால்குடத்தில் கை வைத்தவனுக்கு

பஸ்ஸில் உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் வந்த உன் அப்பன்தான் எழுதுகிறேன் மகனே.

திருவிழா முடிந்த மறுநாள் காலை நீ ஓசூர் வேலைக்குத் திரும்பியபோது என் பஸ்ஸில்தான் ஏறினாய். ஜமுனாமரத்தூரில் உன் கையில் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் பின்படிக்கட்டுக்குப் போனவன், திருப்பத்தூர் வரும்வரை முன்பக்கம் திரும்பவில்லை. ஊர் மொத்தமும் உன்மேல் கோபமாக இருந்த நேரம். அப்பாவுக்கும் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லையடா. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர் அழுதால் இந்த மலையில் அதை வருஷக்கணக்கில் சொல்லிச் சிரிப்பார்கள். "உள்ள போ, உள்ள போ" என்று கத்தியே காலத்தை ஓட்டிவிட்டேன். மனசில் இருப்பதை மெதுவாகச் சொல்ல இந்த வாய்க்குப் பழக்கமில்லை. ஓய்வு பெறும் நாளும் நெருங்குகிறது, இப்போதாவது பழகிக்கொள்வோம் என்று பேனாவைப் பிடித்திருக்கிறேன். உன் அம்மா எதிரில் சாமை புடைத்துக்கொண்டே, "இன்னாங்க, இன்னும் முதல் பக்கத்துலயே இருக்கீங்க" என்று கிண்டல் செய்கிறாள்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். முருகன் மகள் பவித்ராவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. உனக்கு இருப்பதுதான் அவளுக்கும். நீ ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்னது அச்சு அசலாக அப்படியே. குழந்தை நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், கொடுத்ததையெல்லாம் தின்கிறாள். முருகன் உனக்குப் போன் செய்திருக்க மாட்டான். உன்னைக் கை நீட்டி அடித்த மனுஷன், எந்த முகத்தோடு செய்வான்? அதனால் இதை நீ என் வாயால் முதலில் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். நீ சொன்னது சரி. நீ செய்ததும் சரி.

உன் கதை உனக்குத் தெரியும் என்று நீ நினைக்கிறாய். பாதிதான் தெரியும். மீதிப் பாதி நடக்கும்போது உனக்கு நினைவே இல்லை. நம் ஊரில் ஆடித் திருவிழாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளைகள் பால்குடம் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். முதல் நாள் பொழுது சாய்வதற்குள் கையில் காப்பு கட்டிவிட்டால், மறுநாள் கோயிலில் குடம் இறங்கும்வரை பச்சைத் தண்ணீர் தவிர வாயில் எதுவும் படக் கூடாது. நானும் எடுத்தேன், உன் அம்மாவும் எடுத்தாள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் உனக்கும் கட்டினோம். மஞ்சள் வேட்டியில் நீ நின்ற அழகைப் பார்த்து உன் அம்மா நெட்டி முறித்தாள்.

ஓடையிலிருந்து ஊர்வலம் பாதி வழி வந்திருக்கும். நீ தள்ளாடினாய். உடம்பெல்லாம் வேர்த்து, கண் எங்கேயோ சொருகியது. பூசாரி பார்த்தார். "ஆத்தா வந்துட்டாடா!" என்று ஒரு சத்தம் போட்டார், அவ்வளவுதான், பம்பை உடுக்கையெல்லாம் வேகம் பிடித்துவிட்டது. உன் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். பெரிய பெரிய மனுஷர்களெல்லாம் உன் முன்னால் கைகட்டி நின்றார்கள். பூசாரி குனிந்து, "இன்னா வேணும் தாயே, வாயத் தொறந்து சொல்லு" என்று கேட்டார். நீ நாக்கு குழறியபடி சொன்னாய்: "சோறு."

அம்மன் படையல் கேட்கிறாள் என்று ஊரே முடிவு செய்தது. உடனே அடுப்பு மூட்டி, பொங்கல் வைத்து, இலை போட்டு, அம்மனுக்கு முன்னால் படைத்து, கற்பூரம் காட்டினார்கள். பிள்ளை சோறு கேட்கிறான், நாங்கள் சாமிக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறோம்! நல்லவேளை, படைத்ததில் முதல் கவளத்தை உன் வாயில் வைப்பது முறை. ஒரு வாய், இரண்டு வாய், பிறகு பூசாரி வைக்க வைக்க நீ விழுங்கினாய். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா எங்கே" என்றாய். "ஆத்தா மலையேறிட்டா" என்றார் பூசாரி. நாங்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

அந்த ஒரு வருஷம் நான் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். சாமி வந்த பிள்ளையின் அப்பன் அல்லவா! சில்லறைக்காக என்னோடு மல்லுக்கு நிற்கிறவர்கள்கூட, "அண்ணே, பையன் நல்லா கீறானா?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். டீக்கடையில் எனக்கு முதலில் டீ வந்தது. சொந்தக்காரர் ஒருவர் உன்னிடம் குறி கேட்க வேண்டும் என்று வீட்டுக்கே வந்துவிட்டார். நீ அவர் பையிலிருந்த முறுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் அதற்கும் ஏதோ அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டு போனார்.

அடுத்த ஆடியில் உனக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது. சாமிக்கு என்று நேர்ந்துவிட்டதை நிறுத்தக் கூடாது என்று காப்பு கட்டினோம். விடிவதற்குள் வாந்தி. குடத்தைத் தலையில் வைக்கும்போதே கை கால் வெட்டி இழுத்தது. இந்த முறை நீ எதுவும் கேட்கவில்லை, கேட்கிற நிலையில் இல்லை. உன் அம்மா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து உன்னைத் தூக்கினாள். "சாமி வந்த புள்ளைக்கு ஊசி கீசி போட்டுக் கெடுத்துடாதீங்க" என்று யாரோ சொன்னார்கள். அவள் திரும்பிப் பார்த்து, "சாமி வந்தா வரட்டும், எம்புள்ள போவக் கூடாது" என்றாள். பால் வண்டி ஒன்று கீழே இறங்கத் தயாராக நின்றது. அதில் திருப்பத்தூர், அங்கிருந்து ஆம்புலன்ஸில் வேலூர். வளைவுக்கு வளைவு உன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். தினமும் போகிற அந்த மலைப்பாதை அன்றைக்கு முடியவே மாட்டேன் என்றது.

வேலூரில் உன்னைப் பிழைக்க வைத்த பிறகு, டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். அதை நான் இத்தனை வருஷமாகப் பஸ்ஸில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். மனுஷன் சாப்பிட்ட சோறு கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். அது தீர்ந்ததும் உடம்பு சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்து எரிக்கும். அந்தக் கொழுப்பு நீளமான மரத்துண்டு போல. அப்படியே அடுப்பில் போக முடியாது, வெட்டி வெட்டிச் சிறிதாக்க வேண்டும். வெட்டுவதற்கு உடம்பில் நொதிகள் இருக்கின்றன. நீளமானதற்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, குட்டைக்கு ஒன்று. உனக்கு அந்த நடுத்தர நொதி பிறவியிலேயே வேலை செய்யவில்லை. கொழுப்பு பாதி வெட்டிய நிலையில் கிடக்கும், எரியாது. அந்த நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கிவிட்டால் மூளைக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. அந்த நொதியின் பெயரை அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அது எங்கள் பஸ் போர்டைவிட நீளம்.

"அப்ப மத்தவங்க எப்டிங்கம்மா விரதம் இருக்காங்க?" என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அவங்க உடம்புல அந்த நொதி சத்தம் போடாம வேலை செய்யுதுங்க. அதனாலதான் பட்டினியா மலை ஏறுறாங்க, தீ மிதிக்கிறாங்க. இவனுக்கு அது இல்ல. நேரத்துக்குச் சோறு போட்டா இவன் எல்லாரையும் போல ஓடுவான், ஆடுவான். பட்டினி போடாதீங்க. காய்ச்சல், வாந்தின்னா வீட்ல வெச்சிக்கிட்டுப் பாக்காம தூக்கிட்டு வந்து குளுக்கோஸ் ஏத்துங்க. அவ்ளோதான் வைத்தியம்" என்றார். மருந்து மாத்திரை பெரிதாக எழுதுவார் என்று பயந்து போயிருந்த எனக்கு, சோறுதான் மருந்து என்று சொன்னதும் ஒருபக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் நெஞ்சில் யாரோ குத்தியது போல இருந்தது. நீதான் போன வருஷமே வாய்விட்டுக் கேட்டாயே.

இன்னொன்றும் சொன்னார். அந்தக் குறை அப்பா, அம்மா இரண்டு பக்கமும் இருந்து வந்தால்தான் பிள்ளைக்கு நோயாகும். சொந்தத்தில் கட்டியவர்களிடம் அது நடக்க வாய்ப்பு அதிகம், உறவுக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பார்ப்பது நல்லது என்றார். நானும் உன் அம்மாவும் சொந்தம். முருகன் உன் அம்மாவின் அண்ணன் மகன், அவன் கட்டியது என் அக்கா மகளை. ஊருக்கு வந்து வீடு வீடாகச் சொன்னேன். "பசி ஒரு வியாதியா மாமா? அப்ப இந்த மலையில பாதிப் பேரு நோயாளிதான்" என்று முருகன் சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். யாரும் பரிசோதனைக்குப் போகவில்லை.

நீ வளர்ந்த விதம்தான் எனக்குப் பெருமை. மற்ற பிள்ளைகள் நோயை மறைப்பார்கள், நீ அதைப் பெயரோடு சொல்லிக்கொண்டு திரிந்தாய். பள்ளிக்கூடத்தில் பாடத்துக்கு நடுவில் டப்பாவைத் திறப்பாய். தின்னிப்பண்டாரம் என்று பட்டம் வைத்தார்கள். நீ அழுதுகொண்டு வந்து நிற்பாய் என்று பார்த்தால், "ஆமா, தின்னிப்பண்டாரம்தான், உனக்கும் ஒரு வாய் வேணுமா" என்று கேட்டு அவர்களையே கூட்டாளி ஆக்கிக்கொண்டாய். ஓசூர் கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்கு நாம் போன நாள் நினைவிருக்கிறதா? காலையிலிருந்து காக்க வைத்தார்கள். உன் முறை வந்து உள்ளே போனாய். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நிற்கிறேன். உள்ளே மூன்று பெரிய அதிகாரிகள். நீ நாற்காலியில் உட்கார்ந்ததும் பையிலிருந்து இட்லி டப்பாவை எடுத்தாய்! போச்சு, வேலை போச்சு என்று தலையில் கை வைத்தேன். உள்ளே நடந்ததைப் பிறகு நீதான் சொன்னாய். "நான் இப்ப சாப்புடணும்ங்க சார், இல்லன்னா உங்க கேள்விக்கு பதில் சொல்ல முடியாது. காரணம் சொல்றேன்" என்றாயாம். அவர்கள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்களாம். அந்த வேலைக்கு உன்னை எடுத்ததைவிட, அந்த இட்லியை நீ நிதானமாக மென்றதுதான் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

இப்போது இந்த ஆடிக்கு வருகிறேன். பவித்ராவுக்கு முதல் பால்குடம். நீ லீவில் வந்திருந்தாய், கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்தாய். உன்னை விழ வைத்த அதே ஏற்றத்தில்தான் அவளும் நின்றாள். குடத்தை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அவள் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. பம்பை வேகம் பிடித்தது. முருகன் முகத்தைப் பார்த்தேன், அப்படி ஒரு பூரிப்பு. அது எனக்குத் தெரிந்த பூரிப்புதான், ஒரு காலத்தில் என் முகத்திலும் இருந்தது. "சொல்லு தாயே" என்று பூசாரி குனிந்தார். அதற்குள் நீ நடுவில் புகுந்துவிட்டாய்.

"சாமி இல்லீங்க! சக்கரை எறங்கிடுச்சு. வழி வுடுங்க!" என்று நீ போட்ட சத்தத்தில் பம்பைக்காரர்கள் கை நின்றது. எப்போதும் உன் சட்டைப் பையில் இருக்கிற குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்தாய். கலக்க நல்ல தண்ணீர் இல்லை, சொம்பில் இருந்தது மஞ்சள் தண்ணீர். அதைக் கீழே கொட்டினாய். அவள் பால்குடத்தின் மேல் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, அம்மனுக்கு அபிஷேகம் செய்ய வேண்டிய பாலைச் சொம்பில் ஊற்றிக் குளுக்கோஸைக் கலக்கினாய். கூட்டம் "ஐயோ" என்றது. நீ காதில் வாங்கவில்லை. முதலில் ஒரு சொட்டு உதட்டில் வைத்து, விழுங்குகிறாளா என்று பார்த்தாய். விழுங்கினாள். பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாய். அப்போதுதான் முருகன் உன் கன்னத்தில் அறைந்தான். "எம்பொண்ணு மேல வந்த சாமிய நீ யார்ரா நிறுத்தறதுக்கு?" என்று கத்தினான். நீ சொம்பைச் சாய்க்கவில்லை மகனே. அடி வாங்கிக்கொண்டே அடுத்த மடக்கைக் கொடுத்தாய். "அப்புறமா அடி மச்சான், இப்ப வண்டிய எடு" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் என்னவோ கட்டுப்பட்டுவிட்டான். வண்டியை எடுத்தான்.

ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்காமல் நேராக ஊசியைக் குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். உனக்கு இருப்பதுதான் இவளுக்கும் இருக்கும், ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று நீதான் அவரிடம் சொன்னாய். சாயங்காலம் ஊர் கூடியது. அம்மன் பாலை எச்சில் செய்தது தெய்வக் குற்றம், தப்பு செய்தேன் என்று சொல்லி எல்லார் முன்னாலும் விழ வேண்டும், இல்லாவிட்டால் நம் வீட்டுக்குக் கோயிலில் முறை கிடையாது என்றார்கள். நீ எழுந்து, "சாமி கால்ல வுழறதுக்கு எனக்கு இன்னா கஷ்டம்? வுழறேன். ஆனா தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாய். சொன்னபடியே அம்மன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழுந்து, திருநீறு பூசிக்கொண்டு நடந்தாய். இப்படி ஒரு பிள்ளைக்கு நான் அப்பனாக இருக்கிறேனே என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். சாமி வந்த பையனின் அப்பனாக இருந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்பன் என்ற முறைக்கு இரண்டு வார்த்தை. ஊர்மேல் கசப்பை வளர்த்துக்கொள்ளாதே. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பட்டினி அவர்களை ஒன்றும் செய்ததில்லை, அதனால் அது யாரையும் ஒன்றும் செய்யாது என்று நம்புகிறார்கள். நொதி ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கு நொதி என்று ஒன்று இருப்பதே தெரியாது. நான் சாமியையும் விட்டுவிடவில்லை, நீயும் விட வேண்டாம். அவளும் ஒரு தாய்தானே, பிள்ளை குடித்த பாலுக்கா கணக்குக் கேட்பாள்? அப்புறம், உனக்குப் பெண் பார்க்கப் போகும்போது பஜ்ஜித் தட்டு வருவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம். பெண்ணுக்கும் பரிசோதனை செய்துகொள்ளலாம். அதற்குச் சம்மதிக்கிற வீட்டில் கட்டினால் போதும். சொந்தத்தில்தான் என்று நானோ உன் அம்மாவோ பிடிவாதம் பிடிக்கப் போவதில்லை.

இனிமேல் எழுதுவதற்குத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். பரிசோதனை முடிவு வந்த அன்று முருகன் என் பஸ்ஸில் ஏறினான். டிக்கெட் வாங்கவில்லை, உட்காரவும் இல்லை. என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பவித்ராவுக்கு முன்னால் அவனுக்கு ஒரு பையன் பிறந்தான், நினைவிருக்கும். நடக்கப் பழகிய வயதில் அம்மை கண்டது. வீட்டில் வேப்பிலை கட்டி, வழக்கப்படி சோற்றைக் குறைத்து, ஆத்தா இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். ஒருநாள் விடியும்போது பிள்ளை எழுந்திருக்கவில்லை. ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று எல்லாரும் சொன்னோம். வேலூரில் அவ்வளவு கேட்டிருந்த நானும், உன் நோயோடு அதைச் சேர்த்துப் பார்க்காமல் அதையேதான் சொன்னேன். முருகனும் அவன் பெண்டாட்டியும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தேறி வந்தார்கள்.

வண்டி வளைவில் திரும்பும்போது முருகன் என் காதருகே குனிந்து கேட்டான். "மாமா, அப்ப பெரியவனயும் நாங்கதான் பட்டினி போட்டுட்டோமா?"

ஆமாம் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. அது அம்மையா, இதுவா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வந்த வழியே திரும்பி நடந்தான். பெண்டாட்டியிடம் இதை இன்னும் பேசவில்லையாம். அவளும் இதே கேள்வியைக் கேட்டுவிடுவாளோ என்று பயந்து அவன் வீட்டில் தங்குவதே இல்லை.

அவனுக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது மகனே. டாக்டராலும் முடியாது. பட்டினியில் விழுந்து எழுந்தவன் நீ. உன்னைப் பட்டினி போட்ட அப்பன் அம்மாவை ஒருநாளும் குறை சொல்லாதவன் நீ. அதை எப்படிச் செய்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, ஆனால் செய்தாய். அவர்கள் இரண்டு பேர் முன்னாலும் நீ வந்து உட்கார வேண்டும். என்ன சொல்வாயோ, சொல்லாமல் அவன் கையைத்தான் பிடித்துக்கொள்வாயோ, அது உன் இஷ்டம். அடிபட்ட கன்னத்தோடு வருகிறவன் சொன்னால் அவன் நம்புவான்.

அடுத்த லீவு வரை தள்ளிப்போடாதே. இந்தச் சனிக்கிழமையே கிளம்பு. ஓசூரில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஏறு. திருப்பத்தூரில் உன் பஸ் வந்து நிற்கும்வரை என் வண்டிக்கு நான் விசில் கொடுக்க மாட்டேன். டிரைவர் எவ்வளவு கத்தினாலும் சரி.

உன் அப்பன்